ஆவுடையப்பன், தகப்பனார் பெயர் இருளப்பன்

எழுதுங்க அண்ணாச்சி. உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு, அப்பிடித்தான ஆரம்பிப்பீய? அதைப் போட்டு வைங்க. மிச்சத்தை நான் சொல்லுதேன். சொல்லுதது பூராவும் எழுதணும்னு இல்ல. எதை எழுதணும், எதை எழுதப்படாதுன்னு இடையில நானே சொல்லிருதேன். உங்களுக்கும் டைப் அடிக்கிற வேலை மிச்சம்.

பேரு இருளப்பன். ஸ்கூல் வேன் ஓட்டுதேன். இருவத்திரெண்டு வருசமா ஒரே ஸ்கூலு. எத்தனை பிள்ளையள ஏத்தி இறக்கியிருக்கேன், ஒண்ணுக்கு ஒரு கீறல் விழுந்தது கிடையாது. இதை எழுதுங்க, முக்கியம். காலைல குளிச்சி துண்ணூறு பூசிட்டுத்தான் சாவியத் தொடுவேன். வேன் ஓட்டுத நாள்ல ஒரு சொட்டு நாக்குல படாது. குடிக்கிறது ஞாயித்துக்கெழமை மட்டும்தான். அதுவும் மாசத்துக்கு நாலு தடவைக்கு மேல போகாது. இந்தக் கடைசி ரெண்டையும் எழுதாதீய.

விசயம் என்னன்னா, ஒரு பேரு மாறிப்போச்சு. அவ்வளவுதான். ஆரு மேலயும் எனக்குக் குத்தம் சொல்ல இல்ல. ஒரு பேரு முன்ன பின்ன மாறினதுக்கு எம் மகனோட போலீஸ் வேலை போவுது. அதைத் தடுக்கணும். அதுக்குத்தான் மனு.

போன ஆடி மாசம். எங்கூட வேன் ஓட்டுத கொம்பையா மகளுக்குக் காதுகுத்து. மத்தியானம் கறிச்சோறு. வெளிய சாரல் தூத்திக்கிட்டு இருக்கு. வா மாப்ளன்னான், உக்காந்தேன். ரெண்டு ரவுண்டு. நான் ரெண்டுங்கேன், கொம்பையா நாலும்பான். அவன் என்ன எண்ணிக்கிட்டா இருந்தான்? நாலு மணி வாக்குல பைக்க எடுத்தேன். நிதானமாத்தான் வந்தேன். நிதானமா வந்ததுதான் தப்பாப் போச்சு. வேகமா வந்தவன் பூராவும் சர்ருன்னு போயிட்டான். என்னையக் கை காட்டி ஓரங்கட்டிட்டாவ.

குழாய வாயில வச்சி ஊதச் சொன்னாரு ஒரு போலீஸ்காரரு. ஊதினேன். பத்தாது, நல்லா ஊதுங்காரு. பலூன் ஊதுத மாதிரி ஊதினேன். ஊதிட்டு நானே எட்டி நம்பரைப் பாத்தேன், பாஸ் ஆயிட்டமான்னு. அவருக்குச் சிரிப்பு வந்துட்டு. நல்ல மனுசன்தான்.

பொறகு கையில இன்னொரு மிசின் வச்சிருந்தாரு. அதுல வண்டி நம்பரை அடிச்சாரு. அடிச்ச உடனே அதுவே வண்டிக்காரன் பேரைக் கொண்டாந்து நிறுத்திருது. வண்டி எம் மகன் பேர்ல இருக்கு. காலேசுக்குப் போறதுக்குன்னு அவனுக்கு வாங்கினது. மிசினைப் பாத்து வாசிச்சாரு: "ஆவுடையப்பன், இருளப்பன். சரியா?" நான் "ஆமா சார்"னுட்டேன்.

இந்த இடம்தான் அண்ணாச்சி. இதை நல்லாக் கேட்டுக்கிடுங்க. எங்கய்யா பேரு ஆவுடையப்பன். எம் பேரு இருளப்பன். எங்க பக்கம் மூத்த பிள்ளைக்குத் தாத்தா பேரைத்தான விடுதது, அதனால எம் மகனும் ஆவுடையப்பன். இப்ப எம் பேரையும் எங்கய்யா பேரையும் சேத்துச் சொன்னாலும் இந்த ரெண்டு பேருதான் வரும். எம் மகன் பேரையும் அவன் அப்பன் பேரையும் சேத்துச் சொன்னாலும் இதே ரெண்டுதான். எது முன்ன, எது பின்னங்கிறதுதான் வித்தியாசம். குடிச்சவனுக்கு முன்ன எது பின்ன எது?

அதுவும் போக எங்க வீட்டுல அந்தப் பேரே புழக்கத்துல கிடையாது. முப்பிடாதி, எம் பொஞ்சாதி, மாமனார் பேரை வாயால சொல்ல மாட்டா. மகனைத் துரைன்னுதான் கூப்பிடுவா. நானும் துரைன்னுதான் கூப்பிடுதேன். ஆவுடையப்பன்னு ஒருத்தர் சொன்னா எனக்கு எங்கய்யாதான் முன்னால வந்து நிப்பாரு. அவரு செத்துப் பத்து வருசமாச்சு. ரோட்டுல நின்னுக்கிட்டு ஒரு போலீஸ்காரரு அப்பன் பேரும் மகன் பேரும் சரியான்னு கேக்காரு, நானும் சரின்னுட்டேன். இதுல எங்க இருக்கு குத்தம்? இதை அப்பிடியே எழுதுங்க.

லைசென்ஸ் கேட்டாரு. வீட்டுல இருக்குன்னேன். சட்டைப்பையிலதான் இருந்துச்சு. இது வேண்டாம், எழுதாதீய.

ஏன்னு கேக்குறீயளா? லைசென்ஸைக் காட்டினா அதுல இருக்க நம்பரை ஏத்திருவாவ. குடிச்சிட்டு ஓட்டினா ஆறு மாசம் சஸ்பெண்டு. ஆறு மாசம் வேனைத் தொடாம நான் என்ன செய்ய? ஸ்கூல்ல சேதி போச்சுன்னா அன்னைக்கே சாவிய வாங்கிருவாவ. குடிச்சவன் கையில எந்தத் தாய் பிள்ளையக் குடுப்பா? நானே குடுக்க மாட்டேன்.

பதினஞ்சு நாள் கழிச்சி கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருந்துச்சு. போனேன். ஒரே கூட்டம். ஹெல்மெட் போடாதவன், மூணு பேரை ஏத்தினவன், சீட்டாடினவன், ரோட்டோரம் ஒண்ணுக்கு இருந்தவன், எல்லாரும் ஒரே வராண்டாவுல. அங்க ஒரு போர்டு மாட்டியிருந்தாவ. எந்தத் தப்புக்கு என்ன அபராதம், எத்தனை நாள் ஜெயிலுன்னு வரிசையா எழுதியிருந்துச்சு. நின்ன நேரத்துக்கு அதை முழுசும் வாசிச்சேன். சைலன்சர் மாத்தினதுக்குக்கூட ஒரு தண்டனை போட்டிருக்கு. பேரு மாறினதுக்கு என்னன்னு அந்தப் போர்டுல கிடையாது.

உள்ள இருந்து டவாலி கூப்பிட்டாரு. "ஆவுடையப்பன்! ஆவுடையப்பன்! ஆவுடையப்பன்!" மூணு தடவை கூப்பிடுவாவ, தெரியும்லா. முத தடவை எங்கய்யாவ நெனச்சேன். ரெண்டாவது தடவை எம் மகனை நெனச்சேன். மூணாவது தடவை கையத் தூக்கிட்டேன்.

இதை எப்பிடி எழுதுவீய? எழுத வேண்டாம், விடுங்க.

ஜட்ஜம்மா காகிதத்தைப் பாத்துக்கிட்டே, குத்தத்தை ஒத்துக்கிடுதீங்களான்னு கேட்டாவ. ஒத்துக்கிடுதேம்மான்னு சத்தமாச் சொன்னேன். பொய்யா சொன்னேன்? குடிச்சது நான், ஒத்துக்கிட்டது நான், அபராதம் கட்டினதும் நான். பேரு மட்டும்தான் அவனுது. வயசு என்னன்னு ஆரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எனக்குப் பின்னால இருவது பேரு நிக்கான், அந்தம்மாவும் என்ன செய்வாவ. வெளிய வந்து ஒரு டீ குடிச்சேன். மனசு லேசா இருந்துச்சு. லைசென்ஸ் தப்பிச்சிட்டு, வேன் தப்பிச்சிட்டு. சின்ன கேஸு, அபராதத்தோட கரைஞ்சி போயிரும்னு நெனச்சேன். ஊருக்குள்ள பாதிப் பேரு கட்டியிருக்கானே, எவன் திரும்பிப் பாக்கான்?

ஆர்.டி.ஓ. ஆபீசுல இருந்து ஒரு லெட்டரு வந்துச்சு, ஆவுடையப்பன் பேருக்கு. உங்க லைசென்ஸை ஏன் முடக்கப்படாதுன்னு. துரை அப்ப போலீஸ் கோச்சிங்குக்கு மதுரையில ஹாஸ்டல்ல இருந்தான். அவன் வண்டியே தொடுறதில்ல. அதனால லெட்டரைப் பீரோ மேல வச்சேன். மறைச்சிட்டேன்னு முப்பிடாதி சொல்லுதா. மறைக்கிறவன் கிழிச்சிப் போட்டிருப்பான்லா? நான் வச்சேன், அம்புட்டுதான்.

எம் மகனைப் பத்தி எழுதுங்க. நல்லா எழுதுங்க. கலர் சோடாகூடக் குடிக்க மாட்டான். கல்யாண வீட்டுல ஒரு பாட்டில் நீட்டினா, வேண்டாம் மாமா, ஓடும்போது மேமூச்சு வாங்கும்பான். கயிறு ஏறி ஏறி உள்ளங்கை உரிஞ்சி, சோத்தைப் பிசைய முடியாம ஒரு வாரம் ஸ்பூன்ல தின்னவன். முத வருசம் நீளம் தாண்டுததுல நாலு விரக்கடையில போயிட்டு. வீட்டுக்கு வந்து அழல, கொல்லையில மண்ணைக் கொத்திப்போட்டு மறுநாள்ல இருந்து தாண்டினான். ரெண்டாவது வருசம் எழுத்துப் பரீச்சையும் பாஸு, ஓட்டமும் பாஸு, மெடிக்கலும் பாஸு. லிஸ்ட்டுல பேரு வந்த அன்னைக்கு நான் வேன்ல இருந்த பிள்ளையளுக்கெல்லாம் லட்டு குடுத்தேன். எம் பையன் போலீஸாயிட்டான்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேன்.

லட்டு குடுத்த பத்தாம் நாளு வெரிபிகேசனுக்கு இன்ஸ்பெக்டரு கூப்பிட்டு விட்டாரு. பாரத்துல, உம்மேல கேஸு உண்டான்னு ஒரு கேள்வி இருக்கு. இல்லைன்னு எழுதியிருக்கான் எம் பிள்ளை. கம்ப்யூட்டரு உண்டுங்குது. குடிச்சிட்டு வண்டி ஓட்டினது, கோர்ட்டுல ஒத்துக்கிட்டது, அபராதம் கட்டினது, எல்லாம் அதுல கிடக்கு. "கேஸு இருக்கதே தப்பு, அதை மறைச்சது அதைவிடத் தப்பு"ன்னுருக்காரு.

வீட்டுக்கு வந்தான். நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். "எப்பா, எம் பேர்ல கேஸு எப்பிடிப்பா வந்துச்சு?"ன்னு கேட்டான். சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா நானும் திருப்பிச் சத்தம் போட்டிருப்பேன். "பேரு மாறிப்போச்சுடே, மிசின்ல"ன்னேன். "கோர்ட்டுலயுமா மாறிச்சு?"ன்னான். சாப்பிடுதவன்ட்ட கேக்குத கேள்வியா இது? தண்ணியக் குடிச்சிட்டு எந்திரிச்சிட்டேன்.

அவனாப் போய் ஒரு மனு குடுத்தான். இந்தக் கேஸு என்னுது இல்ல, கோர்ட்டுல நின்னது நான் இல்லன்னு. அதுக்கு இன்ஸ்பெக்டரு, "அப்ப உம் பேரைச் சொல்லி நின்னவன் ஆரு? கூட்டிட்டு வா"ன்னுருக்காரு. ஆள்மாறாட்டமாம். ஜட்ஜு முன்னால வேற ஆளு பேர்ல நின்னா அபராதத்தோட போகாதாம், உள்ள வச்சிருவாவளாம். இதைத் துரை என் முகத்தைப் பாத்துச் சொல்லல. கண்ணாடியப் பாத்துத் தலை சீவிக்கிட்டே, அவன் அம்மைக்குச் சொல்லுத மாதிரி சொன்னான். எனக்கும்தான் கேட்டுச்சு. "பாப்போம்"னேன்.

பாப்போம்னா பாக்க மாட்டேன்னா அர்த்தம்? ஒரு வாரம் வேனுக்கு எஃப்.சி. காட்டுத வேலை. அடுத்த வாரம் ஸ்கூல்ல ஆண்டு விழா, பிள்ளையள ராத்திரி வரைக்கும் ஏத்தி இறக்கணும். மூணாவது வாரம் வேலை ஒண்ணும் இல்ல. போகல. எழுதாதீய.

அதுக்கப்புறம் அவன் என்ட்ட பேசுததில்ல அண்ணாச்சி. கோவத்துல பேசாம இருந்தா எனக்குத் தெரியும், அதைச் சமாளிச்சிருவேன். இது அப்பிடி இல்ல. நான் வீட்டுக்குள்ள வந்தா நாற்காலியில இருந்து எந்திரிச்சிருதான். மரியாதையா எந்திரிக்கான். அதுதான் தாங்கல. பெத்த அப்பன்ட்ட வந்து, "எப்பா, எனக்காகப் போங்கப்பா"ன்னு ஒரு வார்த்தை கேக்கலாம்லா? கேட்டிருந்தா அன்னைக்கே போயிருப்பேன். கேக்காதது அவன் தப்புதான. சரி, விடுங்க, அது எங்க வீட்டு விசயம்.

இன்னைக்குக் காலைல முப்பிடாதி இட்லிய வச்சா. சட்னி வைக்கல. முன்னால வந்து நின்னா. "நாளான்னைக்கு லிஸ்ட்டை முடிக்காவளாம். இன்னைக்கு நீங்க போகலன்னா நான் போவேன். பெரிய ஆபீசுக்குள்ள போய், ஆவுடையப்பன் குடிக்கல, இருளப்பன்தான் குடிச்சாருன்னு சொல்லுவேன்"னா. கேட்டீயளா? ஆவுடையப்பன்னா. இருவத்தஞ்சு வருசத்துல அந்தப் பேரு அவ வாயில இருந்து வந்து நான் கேட்டது இன்னைக்குத்தான். எம் பேரையும் சொன்னா. இட்லிய அப்பிடியே வச்சிட்டு எந்திரிச்சேன். வேனைக் கொம்பையாட்ட ஒப்படைச்சிட்டு நேரா இங்க வந்துட்டேன்.

வாசிங்க பாப்போம், எழுதின வரைக்கும். ம். ம். "பெயர்க் குழப்பத்தால் தெரியாமல் ஆஜராகி"ன்னு போட்டிருக்கீய, நல்லாருக்கு.

என்ன? மனு நிக்காதா? ஏன் நிக்காது? தெரியாம நின்னேன்னுதான நான் சொல்லுதேன். ஓகோ. தெரியாம நின்னவன் லைசென்ஸை ஏன் காட்டலன்னு கேப்பாவளோ. லெட்டரு வந்த பொறகு ஏன் வாயத் திறக்கலன்னு கேப்பாவளோ. கேப்பாவதான். பேரு மாறிப்போச்சுன்னு எவன் வந்து சொன்னாலும் நம்ப மாட்டாவளா. தெரிஞ்சே செஞ்சேன்னு ஒருத்தன் கையெழுத்துப் போட்டாத்தான் துரை பேரு கேஸ்ல இருந்து வெளிய வருமா.

எத்தனை மாசம் போடுவாவ? உங்களுக்குத் தெரியாதா. வக்கீலுக்குத்தான் தெரியுமா.

கொஞ்சம் தண்ணி இருக்கா?

வேன் போயிரும் அண்ணாச்சி. அது நிச்சயம். அந்தப் பிள்ளையள் பூராவும் என்னை வேன் மாமான்னுதான் கூப்பிடும். நாளைக்கு அதுக அம்மைமாரு என்னத்தைச் சொல்லிக்குடுப்பாவளோ. சரி. என்ன இப்ப. அடிங்க. தெரியாமலை அடிச்சிட்டு தெரிந்தேன்னு போடுங்க. லைசென்ஸ் சட்டைப்பையில இருந்ததை எழுதுங்க. மூணு தடவை கூப்பிட்டதை எழுதுங்க. பீரோ மேல இருந்த லெட்டரையும் எழுதுங்க. நான் மறைச்சேன்னே போடுங்க. நாலு ரவுண்டுன்னு போடுங்க. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கீழ கோடு போட்டு எழுதுங்க.

எங்க கையெழுத்து? பிரிண்ட்டு எடுத்துட்டுத்தானா. சரி எடுங்க.

என்னவாம் அதுல, கேள்வி கேக்குது? மனுவ எம் மகன் பேர்லதான் சேவ் பண்ணுதீயளா? இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கு, மாத்திரவான்னு கேக்குதா? ஆவுடையப்பன்னு ஊருக்குள்ள எத்தனையோ பேரு இருப்பான். இ. ஆவுடையப்பனேவா? என்னைக்கு உள்ளது? நேத்தா?

நேத்து கடையில நீங்க இல்லையா? உங்க வீட்டம்மா, மயினியா உக்காந்திருந்தாவ?

திறங்க. நீங்களே வாசிங்க, எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது.

"ஐயா, என் மீதான வழக்கில் நீதிமன்றத்தில் நின்றது வேறு நபர் என்று முன்பு நான் கொடுத்த மனு தவறானது. அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அன்று மது அருந்தி வாகனம் ஓட்டியதும், நீதிமன்றத்தில் ஆஜராகிக் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் நானே."

நிறுத்துங்க. இவன் எங்க குடிச்சான்? கலர்கூடக் குடிக்க மாட்டான்னு சொன்னேன்லா உங்கள்ட்ட. இவன் எதுக்கு இதுல கையெழுத்துப் போட்டான்? மயினிக்குப் போன் போட்டுக் கேளுங்க, இதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டானா? எதிர்த்தாப்ல இந்த ஆபீசுலயா? சீல் போட்டு வாங்கிட்டாவளா?

அப்ப எம் மனு? இருங்க, இருங்க. இப்ப நான் இதைக் கொண்டு குடுத்தா, அவன் எழுதிக் குடுத்தது பொய்யின்னு ஆயிரும். போலீஸுட்டயே பொய் எழுதிக் குடுத்தவனை எந்த வருசம் எடுப்பாவ? குடுக்கலைன்னா குடிச்சவனா நிப்பான். என்ன அண்ணாச்சி, எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன்தான் நிக்கான். ஒரு வழி சொல்லுங்களேன். எத்தனை மனு எழுதியிருப்பீய. எதாவது ஒரு வழி இருக்கும்லா?

என்ன, திரும்ப அதையே பாக்கீய?

இன்னும் இருக்கா அதுல? வாசிங்க.

"எனது தேர்வினை ரத்து செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இச்சம்பவம் எதுவும் என் தந்தைக்குத் தெரியாது. அவர் நேர்மையானவர். தெரிந்தால் தாங்க மாட்டார்."

இது மயினி சேத்து எழுதினதான்னு கேளுங்க. மனுன்னா இப்பிடி ஒரு வரி போடுத வழக்கமா?

அவன் சொன்னதுதானா.

எனக்குத் தெரியும்னு இனிமே நான் ஆருட்டப் போய்ச் சொல்ல, அண்ணாச்சி?